இரண்டு பகடையும் அப்பாவின் செக்ரோல் புத்தகமும்

சனிக்கிழமை இரவு. சுங்கைப்பட்டாணியில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. மலேசியாவும் யூகோஸ்லாவியாவும் 1-1 என்று நிற்க, ஆட்டம் முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி. அக்கா மகன் கையைக் குவித்து ஊதி, இரண்டு பகடைகளையும் உருட்டினான். ஐந்து, ஆறு. மொத்தம் பதினொன்று. "கோல்!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்த ஆட்டம் எங்கும் நடந்ததில்லை. நடந்திருக்க வேண்டிய ஆட்டம் அது.

படிவம் 4 படிக்கும் அவனுக்குக் கணிதத்தில் நிகழ்தகவு வந்துவிட்டது. பள்ளியில் மலாயில் 'கெபராங்காலியான்' என்று படிக்கிறான். சூத்திரம் தெரியும், கணக்கும் போடுவான், ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்று கேட்டால் "எஸ்பிஎம்முக்கு" என்பான். பாம்பு ஏணிப் பெட்டியில் கிடந்த இரண்டு பகடைகளை எடுத்து வைத்து, "வா, 1980 ஒலிம்பிக் ஆடலாம்" என்று கூப்பிட்டேன்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல மாணவர்கள் 'ஓலா போலா' படம் பார்த்திருப்பீர்கள். 2016இல் வந்தது. அந்தப் படத்துக்குத் தூண்டுகோலாக இருந்த உண்மைச் சம்பவம் இது. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அடித்தார். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். கோல் கம்பத்தில் நம் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தவர். 1988இல் சாலை விபத்தில் அவர் இறந்தபோது எங்கள் தோட்டத்தில் பல வீடுகளில் அன்று பேச்சே இல்லை.

ஆனால் அந்தக் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. நம் இடத்தில் ஈராக் போனது. நார்வேக்குப் பதில் பின்லாந்தும் அமெரிக்காவுக்குப் பதில் கோஸ்டாரிகாவும் போயின. இந்த மூன்று மாற்றுக் குழுக்களும் யூகோஸ்லாவியாவோடு ஒரே பிரிவில் ஆடின. ஈராக் கோஸ்டாரிகாவை 3-0 என வென்றது, பின்லாந்தோடு 0-0, யூகோஸ்லாவியாவோடு 1-1 எனச் சமன் செய்தது. காலிறுதியில் கிழக்கு ஜெர்மனியிடம் 0-4 எனத் தோற்று வெளியேறியது.

ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியா ஆடியது ஒரே ஒரு முறைதான், 1972 மியூனிக்கில். அங்கே அமெரிக்காவை 3-0 என வென்றோம். மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6. இரண்டாவது முறை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதை நாங்கள் சாப்பாட்டு மேசையில் ஆடிப் பார்த்தோம்.

விதி எளிது. 90 நிமிட ஆட்டத்தை ஒன்பது பத்து நிமிடங்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முறை இரண்டு பகடைகளையும் உருட்ட வேண்டும். இரண்டு பகடை விழ 36 வழிகள் உண்டு. மொத்தம் 11 அல்லது 12 வர மூன்று வழிகள், 10ஐயும் சேர்த்தால் ஆறு. மலேசியாவுக்கு 11, 12 வந்தால் கோல். யூகோஸ்லாவியாவுக்கு 10, 11, 12. அப்படியானால் நமக்குச் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு முக்கால் கோல், அவர்களுக்கு ஒன்றரை கோல்.

முதல் நாள் 0-2 எனத் தோற்றோம். இரண்டாம் நாள் 1-1. மூன்றாம் நாள்தான் அந்தப் பதினொன்று விழுந்து 2-1. பையன் உற்சாகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். இந்த விதிப்படி நூறு முறை ஆடினால் மலேசியா ஏறக்குறைய 17 முறை வெல்லும், 26 முறை சமன் செய்யும், 57 முறை தோற்கும். பள்ளிப் புத்தகத்துக் கணக்கை யாரும் சொல்லாமலேயே அவன் போட்டது அன்றுதான்.

ஆனால் கணக்கை முடித்த கையோடு ஒரு கேள்வி கேட்டான். "மாமா, யூகோஸ்லாவியாவுக்கு பத்து, பதினொன்னு, பன்னெண்டுன்னு யார் நம்பர் குடுத்தா?"

"நான்தான்டா."

"எத வச்சு?"

என்னிடம் பதில் இல்லை. ஒரு குத்துமதிப்பாகக் கொடுத்தேன். எண் குத்துமதிப்பு என்றால் அதிலிருந்து வரும் 17ம் 26ம் 57ம் குத்துமதிப்புதானே!

அட்டையில் அடைபட்ட ஆட்டக்காரர்கள்

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் வெகு காலத்துக்கு முன்பே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுடைய பேஸ்பால், நம் இடைநிலைப்பள்ளிகளில் ஆடும் சாஃப்ட்பாலின் அண்ணன். பழைய பேஸ்பால் பருவம் ஒன்றை முதல் ஆட்டம் தொட்டுக் கடைசி ஆட்டம் வரை மேசை மேல் பகடையால் மீண்டும் ஆடுகிற பழக்கம் அங்கே பல பேருக்கு உண்டு. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் 1951இல் 'ஏபிபிஏ' என்ற விளையாட்டை விற்கத் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஹால் ரிச்மன் சிறுவனாக இருந்தபோதே யோசித்து வைத்திருந்த விளையாட்டை 1961இல் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்று வெளியிட்டார். இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. மட்டைக்காரர் அட்டையில் 1, 2, 3 என மூன்று பத்திகள். பந்து வீசுபவர் அட்டையில் 4, 5, 6 என மூன்று. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். தனியாக நிற்கும் ஒரு பகடை எந்தப் பத்தி என்று சொல்லும், மற்ற இரண்டின் மொத்தம் எந்த வரி என்று சொல்லும். ஆக, பாதி நேரம் மட்டைக்காரரின் திறமை முடிவு செய்யும், பாதி நேரம் எதிரே நிற்பவரின் திறமை முடிவு செய்யும். இவ்வளவுதான் சூட்சுமம். படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இத்தனை சுலபமான ஒன்றை நான் ஏன் யோசிக்கவில்லை என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

எண்கள் எங்கிருந்து வருகின்றன? பேப் ரூத் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் 1927இல் கணக்கில் சேரும் 540 முறை மட்டை பிடித்து 60 ஹோம் ரன் அடித்தார். ஒன்பதுக்கு ஒன்று. இரண்டு பகடையில் மொத்தம் 9 வர நான்கு வழிகள்: 3-6, 4-5, 5-4, 6-3. 36க்கு 4, அதாவது அதே ஒன்பதுக்கு ஒன்று. ஆனால் பாதி உருட்டல் எதிராளியின் அட்டைக்குப் போய்விடுகிறது, அங்கே ஹோம் ரன் குறைவு. அதனால் ரூத்தின் சொந்த அட்டையில் ஹோம் ரன்னுக்கான இடம் ஏறக்குறைய இரு மடங்கு இருக்க வேண்டும். இந்த நுணுக்கத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் எங்களை இது கவிழ்த்தது.

அப்படி நுணுக்கமாகச் செய்த அட்டையோடு 1927ஐ மறுபடி ஆடினால் ரூத் மறுபடியும் 60 அடிப்பாரா? கட்டாயமில்லை. ஒன்பதுக்கு ஒன்று என்ற வாய்ப்பை 540 முறை சோதித்தால், மூன்றில் இரண்டு தடவை விடை 53க்கும் 67க்கும் இடையில் விழும். வரலாற்றில் நாம் மனப்பாடம் செய்கிற 60 என்பதே விழுந்திருக்கக்கூடிய பல எண்களில் ஒன்று. என் அக்கா மகனுக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

ஆட்டம் நின்ற காலங்களில் இந்த அட்டைகள் கைகொடுத்திருக்கின்றன. 1981இல் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜூலை மாதம் நடக்க வேண்டிய நட்சத்திர ஆட்டம் தள்ளிப்போனது. அது நடக்க வேண்டிய கிளீவ்லாந்து அரங்கிலேயே மேசை போட்டுப் பகடையால் ஆடினார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து பருவம் தாமதமானபோது அதே நிறுவனம் அன்றன்றைய ஆட்டங்களைக் கணினியில் ஆடி முடிவுகளை வெளியிட்டது.

இதெல்லாம் முடிவதற்கு ஒரே காரணம், அங்கே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த ஹென்றி சாட்விக் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆட்டத்தைக் கட்டம் போட்டு எழுதும் முறையைப் பரப்பினார். 1989இல் தொடங்கிய 'ரெட்ரோஷீட்' என்ற தொண்டூழியர் அமைப்பு, பழைய ஆட்டக் குறிப்பேடுகளையும் நாளிதழ் நறுக்குகளையும் தேடித் தேடிச் சேர்த்து, யார் எந்தப் பந்தில் என்ன செய்தார் என்பதுவரை பதிவு செய்து வருகிறது. பரணில் கிடந்த நோட்டுப் புத்தகங்கள்தான் அவர்களுக்குப் புதையல்.

பகடைக்கு ஞாபகம் கிடையாது

இடையில் கெடாக்காரர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கெடா மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனது. மூன்று முறையும் கோலாலம்பூரிடம் தோற்றது. இரண்டும் சம பலமுள்ள குழுக்கள் என்று வைத்தால் மூன்று முறையும் தோற்க எட்டுக்கு ஒரு வாய்ப்பு. அரிதுதான், ஆனால் அதிசயமில்லை. 1990இல் நான்காவது முறை போனபோது அலோர்ஸ்டார் முதல் கூலிம் வரை காப்பிக் கடைகளில் ஒரே பேச்சு, "மூனு வாட்டி தோத்தாச்சு, இந்த வாட்டி நமக்குத்தான்." சிலாங்கூரை 3-1 என வென்று கெடா முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. காப்பிக் கடைக்காரர்கள் சொன்னது பலித்தது. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் தப்பு. முன்பு மூன்று முறை தோற்றதால் நான்காவது முறை வாய்ப்பு கூடாது. பகடைக்குப் போன உருட்டல் ஞாபகம் இருக்காது. இதைப் பையனுக்கு விளக்கியபோது, "அப்போ நம்ம ஆளுங்களுக்கு இருக்குமே மாமா" என்றான். தோற்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதனால் இன்னும் வெறியோடு ஆடுவார்கள் என்கிறான். சரியான எதிர்வாதம்தான். சூத்திரத்தில் அதற்கு இடமில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். மலேசியா-யூகோஸ்லாவியா ஆட்டத்துக்கு எங்களால் ஒழுங்கான அட்டை செய்ய முடியவில்லை. வேறு எதை ஆடலாம் என்று யோசித்தபோதுதான் அப்பாவின் செக்ரோல் புத்தகம் நினைவுக்கு வந்தது.

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். நீல அட்டை போட்ட நீளமான செக்ரோல் புத்தகம் முன்பு ஒவ்வொரு கிராணி வீட்டிலும் ஒன்றிரண்டு பழையது கிடக்கும். முன்பக்கங்களில் ஆட்களின் பெயரும் வேலை நாளும். அப்பா வைத்திருந்த ஒன்றில் பின்பக்கங்களைத் திருப்பிப் போட்டு 1974ஆம் ஆண்டின் பந்தாட்டத்தை எழுதியிருந்தார். ஆறு குழுக்கள், ஐந்து தோட்டத்துக் குழுக்களும் ஒரு பட்டணத்துக் குழுவும். ஒவ்வொரு குழுவும் மற்றதோடு இரண்டு முறை, ஒன்று சொந்தத் திடலில், ஒன்று எதிரி திடலில். மொத்தம் 30 ஆட்டம். தோட்டங்களின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் இன்றைக்கும் சண்டை வரும்.

அப்பாவின் எழுத்து கச்சிதம். தேதி, எண்ணிக்கை, பக்கத்தில் இரண்டொரு சொல். "மழை. பாதியில் நிறுத்தி மறுபடி ஆடியது." "கீப்பர் தைப்பூசத்துக்குப் பினாங்கு போய்விட்டான்." "திடலில் மாடு." ஓர் ஆட்டத்துக்கு எதிரே இப்படி: "0-6. லோரி இல்லை."

ஆனால் 27 ஆட்டங்கள்தான் இருந்தன. கடைசிச் சுற்றின் மூன்று ஆட்டங்கள் எழுதிய தாளைக் கரையான் அரித்திருந்தது. 27 ஆட்டம் முடிந்த நிலையில் பட்டணத்துக் குழு 13 புள்ளி, எங்கள் தோட்டம் 12. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். கடைசிச் சுற்றில் எங்கள் தோட்டமும் பட்டணத்துக் குழுவும் மோதின. யார் கிண்ணம் வென்றார்கள் என்பது கரையானுக்குத்தான் தெரியும்.

அட்டை செய்த கதை

பையன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தான். 27 ஆட்டங்களில் மொத்தம் 81 கோல். ஓர் ஆட்டத்துக்கு மூன்று, ஒரு குழுவுக்கு ஒன்றரை. பத்து நிமிடத்துக்கு என்று பார்த்தால் ஆறுக்கு ஒன்று, அதாவது 36க்கு 6. எங்கள் தோட்டம் ஒன்பது ஆட்டத்தில் 18 கோல் அடித்திருந்தது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு, 36க்கு 8.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் போலவே ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு அட்டை வைத்தோம், ஒன்று தாக்குதல், ஒன்று தற்காப்பு. மூன்றாவது பகடை ஒற்றை எண்ணாக விழுந்தால் தாக்கும் குழுவின் அட்டையைப் பார்க்க வேண்டும், இரட்டை எண் என்றால் தடுக்கும் குழுவின் அட்டையை.

முதல் வாரம் எல்லாம் சப்பென்று போனது. நல்ல குழுவும் மோசமான குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடின. ஏன் என்று புரியாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக் கொண்டோம். ரூத்தின் அட்டைதான் விடை. எங்கள் தோட்டத்தின் அட்டையில் 36க்கு 8 என்று எழுதினால், பாதி நேரம் எதிராளியின் அட்டையில் சராசரியான 6 தான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 7 ஆகிவிடும். உண்மையான 8 வர வேண்டுமானால் அட்டையில் 10 இருக்க வேண்டும், 10க்கும் 6க்கும் நடுவில்தான் 8. ஆக, மொத்தம் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் கோல். 9, 10, 11, 12 என்பதற்கு 4, 3, 2, 1 வழிகள், மொத்தம் பத்து. கச்சிதமாக உட்கார்ந்தது.

தற்காப்பு அட்டையில்தான் சண்டை வந்தது. ஒன்பது ஆட்டத்தில் எங்கள் தோட்டம் 15 கோல் வாங்கியிருந்தது. அதில் ஆறு அந்த ஒரே நாளில். அந்த 0-6ஐச் சேர்த்தால் அட்டையில் 36க்கு 7 போட வேண்டும். அதை விட்டுவிட்டு மீதி எட்டு ஆட்டத்தில் வாங்கிய ஒன்பது கோலை மட்டும் பார்த்தால் 36க்கு 3. பாதிக்கும் குறைவு! ஓர் ஆட்டம் ஒரு குழுவின் முகத்தையே மாற்றுகிறது.

"அது விலகி நிக்கிற எண், மாமா. எடுத்துடலாம்" என்றான் பையன். பள்ளியில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் வசதி, எங்கள் தோட்டம் ஆயிற்றே.

பீடோங் பக்கம் ஒரு தாமானில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்கப் போனோம். 1974இல் அவருக்கு 21 வயது, இடப்பக்க முன்வரிசை ஆட்டக்காரர். அந்த வரியைப் படித்துக் காட்டினோம். சிரித்தார்.

"அன்னிக்குக் காலைல பெரட்டுக்கு நின்னுட்டு, மரம் வெட்டி, பால் கொண்டாந்து ஊத்திட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டம். தோட்டத்து லோரி ஏத்திட்டுப் போகணும். தொர வேற எங்கயோ அனுப்பிட்டாரு. ஏழு பேரு சைக்கிள்ல போனோம், மீதிப் பேரு வந்து சேரல. பதினோரு பேருக்கு எதிரா ஏழு பேரு ஆடினோம்டா. ஆறோட விட்டானுங்களேன்னு சந்தோசப்படு."

"அப்ப அந்த ஆட்டத்த எடுத்துடலாம்ல தாத்தா?" என்று பையன் ஆவலோடு கேட்டான்.

"ஏன் எடுக்கணும்? லோரி வராததும் அந்த வருசம் நடந்ததுதானே. பட்டணத்துக்காரனுக்கு பஸ் இருந்துச்சு. எங்களுக்கு லோரி. அதயும் சேத்துத்தான் ஆட்டம்."

வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு புது விதி எழுதினான். தோட்டத்துக் குழு எதிரி திடலுக்குப் போகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டும் ஒன்று விழுந்தால் லோரி இல்லை. அன்றைக்கு அந்தக் குழு கோல் அடிக்க முடியாது, எதிராளிக்கு 7ம் அதற்கு மேலும் கோல். 36க்கு ஒன்று என்ற வாய்ப்பை ஏன் எடுத்தாய் என்றேன். ஐந்து தோட்டத்துக் குழுக்கள் தலைக்கு ஐந்து வெளித்திடல் ஆட்டம், மொத்தம் 25. அதில் அப்பா எழுதியபடி ஒரு முறை லோரி வரவில்லை. 25க்கு ஒன்று பகடையில் எடுக்கச் சிரமம், 36க்கு ஒன்று கிட்டத்தில் வருகிறது என்றான். தற்காப்பு அட்டையில் 3 என்றே வைத்துக்கொண்டு, அந்த 0-6ஐ லோரியின் கணக்கில் எழுதினான். அமெரிக்க அட்டைகளிலும் வீரர் காயம்பட்டு வெளியேறும் எண் உண்டு. எங்களுக்குக் காயத்துக்குப் பதில் லோரி.

நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவன். இந்த இடத்தில் அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முழுப் பருவத்தையும் மூன்று முறை ஆடினோம். ஓர் ஆட்டத்துக்கு 18 உருட்டல், 30 ஆட்டத்துக்கு 540. பேப் ரூத் மட்டை பிடித்த அதே 540! வெறும் தற்செயல், ஆனால் எங்களுக்கு மகிழ்ச்சி. ஒரு பருவம் முடிய நான்கு சனிக்கிழமை ஆகும். முதல் பருவத்தில் எங்கள் தோட்டம் நான்காவது. இரண்டாவதில் கிண்ணம். மூன்றாவதில் இரண்டாம் இடம், அதிலும் லோரி ஒரு முறை வரவில்லை. அந்த இரண்டு ஒன்றுகள் விழுந்தபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். நான்காவது இடம் என்று கேள்விப்பட்ட சித்தப்பா இரண்டு நாள் கைப்பேசியை எடுக்கவில்லை.

நடந்த பருவத்தின் கடைசி ஆட்டம் மட்டும் இன்னும் பாக்கி. சித்தப்பா 2-1 என்று அடித்துச் சொல்கிறார், இரண்டாவது கோல் அவர் கொடுத்த பந்து. பட்டணத்துக் குழுவில் ஆடிய ஒரு பெரியவர் இப்போது கூலிமில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்த்தபோது, "1-1 தம்பி, கெலாஸ் எங்ககிட்டதான் வந்துச்சு, நான்தான் தூக்கினேன்" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் இருபது முறை உருட்டிப் பார்த்தோம். ஏழு வெற்றி, ஆறு சமநிலை, ஏழு தோல்வி. பகடை யாருக்கும் சாட்சி சொல்லத் தயாராக இல்லை. எண்ணிக்கை எழுத வேண்டிய கட்டத்தை நாங்கள் வெறுமையாக விட்டிருக்கிறோம்.

அப்பா அந்த நாளில் விளையாட்டுச் செய்திகளைத் தமிழ் நாளிதழுக்கு எழுதி அனுப்புவார் என்று அம்மா சொல்கிறார். அடுத்த பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் போய்த் தேசிய நூலகத்தில் 1974இன் பழைய நாளிதழ்களைப் பார்க்கக் கேட்பதாக இருக்கிறோம். எந்த மாதம் என்று தெரியாததால் ஆண்டு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும். பையன் இப்போதே தயார்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பந்து ஆடியவர்களோ ஆட்டம் பார்த்தவர்களோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பழைய கணக்குப் புத்தகம், கிண்ணத்தோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பின்னால் தேதி எழுதிய அழைப்பிதழ், எதுவானாலும் சரி. 1974, ஆறு குழுக்கள், கடைசிச் சுற்று, மூன்று ஆட்டங்கள். எண்ணிக்கை இருந்தால் போதும். அன்றைக்கு லோரி வந்ததா என்பதையும் யாராவது எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது.